போதைத் தடுப்புக்குப் பணமும் பொறுப்பும் யார் கையில்? மலை மாவட்ட ஆசிரியர்கள், பெற்றோர் பேசலாம்

குந்தா டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். நீலகிரி மாவட்டம் குந்தா தாலுகாவில் அரசுப் பள்ளி ஆசிரியை நான். ஜூன் 26 உலகப் போதைப்பொருள் ஒழிப்பு நாள் என்பதால் அந்த வாரம் எங்கள் பள்ளிக்கு ஒன்றன்பின் ஒன்றாக நாலு துறையினர் வந்தார்கள். நாலு பேரும் ஒன்பதாம் வகுப்பையே கேட்டார்கள். நாலு பேரும் உறுதிமொழி வாசிக்க வைத்து, பேனர் முன்னால் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை, நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஆனால் ஒருவர் வருவது இன்னொருவருக்குத் தெரியாது. இனி அடுத்த ஜூன் வரை யாரும் வரப்போவதும் இல்லை.

நடுவில் உள்ள மாதங்களில் நாங்கள் பார்ப்பது வேறு. ஏழாம் வகுப்புப் பையன் கேள்வி கேட்டால் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டுவான். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலத்தை ஒதுக்கியிருப்பான். கழிப்பறை ஜன்னல் திட்டில் ஒயிட்னர் ஊற்றிய கைக்குட்டை கிடக்கும். பிளஸ் ஒன் வந்தால் பீர், அப்புறம் கஞ்சா. குட்காவுக்கு 2013 முதல் தமிழ்நாட்டில் தடை. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்று 2003 சட்டம் சொல்கிறது. பஸ் ஸ்டாப் கடையில் கேட்டால் மிட்டாய் பாட்டிலுக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தருகிறார்கள்.

கேள்வி இரண்டுதான். மாநில அளவில் இதற்கென்று பதில் சொல்லும் ஒரே ஆள் யார்? சிறுவர்கள் இதைத் தொடங்காமல் தடுப்பதற்கென்றே தனியாகப் பணம் இருக்கிறதா?


கருவூலம் ஓய்வு

டீச்சர், முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஒன்றிய அரசில் சமூக நீதி அமைச்சகம் இருக்கிறது. போதைப்பொருள் தேவைக் குறைப்புக்கான தேசிய செயல்திட்டம் 2018இலிருந்து அவர்கள் கையில்தான். 2020 ஆகஸ்ட் 15 அன்று 272 மாவட்டங்களில் ஆரம்பித்த ‘நஷா முக்த் பாரத்’ பிறகு எல்லா மாவட்டங்களுக்கும் வந்தது. மாநிலத்தில் போலீஸ், மதுவிலக்கு, ஆயத்தீர்வை எல்லாம் உள்துறைச் செயலகத்தில். சிகிச்சை மக்கள் நல்வாழ்வுத் துறையில். போதை எதிர்ப்பு மன்றங்கள் பள்ளிக்கல்வியிலும் உயர்கல்வியிலும். 2022 ஆகஸ்டில் ‘போதைப்பொருள் இல்லாத தமிழ்நாடு’ இயக்கத்தை முதல்வரே தொடங்கிவைத்தார்.

ஒருங்கிணைப்புக்கு என்கார்டு என்ற குழு உண்டு. 2016இல் வந்தது, 2019இல் நாலு அடுக்காக்கினார்கள். மாநிலத்தில் தலைமைச் செயலாளர் தலைமை, மாவட்டத்தில் ஆட்சியர் தலைமை. ஆனால் அந்தக் குழு பிறந்ததே கடத்தலைப் பிடிப்பதற்காக. எத்தனை கிலோ, எத்தனை வழக்கு, எத்தனை கைது என்பதுதான் அங்கே முதலில் பேசப்படும். ஏழாம் வகுப்புப் பையன் கூல் லிப்பைத் தொடாமல் இருந்தால் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அந்தப் படிவத்தில் அதற்கு இடமே இல்லை.

இன்னொன்று நாட்காட்டி. திட்டப்பணம் பல சமயம் ஜனவரி, பிப்ரவரியில்தான் மாவட்டத்துக்கு வந்து சேரும். மார்ச் 31க்குள் செலவழித்து யூசி என்ற செலவுச் சான்றிதழை அனுப்பவில்லை என்றால் அடுத்த தவணை நிற்கும். மார்ச்சில் பள்ளியில் பொதுத்தேர்வு. அந்த நேரத்தில் சீக்கிரம் செலவாகக்கூடியது பேனர், பேரணி, தொப்பி, டீ-ஷர்ட். அதிகாரிக்கு மனமில்லாமல் இப்படி நடப்பதில்லை. பணம் வரும் மாதமே அப்படி. பல வருடம் பில் பாஸ் பண்ணிய கை இது, நம்புங்கள்.


பாட்டவயல்

இவ்வளவு கோப்பு எதற்கு? நம் மாவட்டம் மூன்று மாநிலம் சேரும் இடம். கக்கநல்லா, நாடுகாணி, தாளூர், சோலாடி, பாட்டவயல் என்று எல்லாப் பக்கமும் வழி இருக்கிறது. சோதனைச்சாவடியில் ஆளைக் கூட்டுங்கள், நாய்ப்படை கொடுங்கள், கடைக்கு சீல் வையுங்கள். பொருளே வராவிட்டால் பிள்ளைகள் எதை எடுத்துக்கொள்வார்கள்?


கூடலூர் சிஸ்டர்

பாட்டவயல் அண்ணே, சோதனைச்சாவடி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சிறுவனுக்கு போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் சிறார் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவில் ஏழு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். அந்தப் பிரிவில் வழக்குப் போட்டாலே பல கடைக்காரர்கள் அடங்குவார்கள். அது நடக்கட்டும்.

ஆனால் ஒயிட்னரும் பஞ்சர் சொல்யூஷனும் எந்தச் சோதனைச்சாவடியைத் தாண்டி வருகின்றன? ஸ்டேஷனரிக் கடையில் இருக்கின்றன. எய்ம்ஸ் மருத்துவர்கள் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பு 2019இல் வந்தது. மது, கஞ்சா, அபின் வகை எல்லாவற்றிலும் பெரியவர்கள்தான் அதிகம். முகர்ந்து போதையேற்றும் பொருளில் மட்டும் சிறுவர்கள் முந்தி நிற்கிறார்கள். பெரியவர்களில் 0.58 விழுக்காடு, சிறார்களில் 1.17. அதே அறிக்கையில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைத்திருக்கிறது. 2025இல் அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ மீட்பு மையங்கள் வந்தன, ஊட்டி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அதே வருடம் 700 படுக்கையோடு திறந்தது. எல்லாம் நல்லது. ஆனால் கூடலூரிலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர், பந்தலூர்க்காரருக்கு அதற்கும் மேலே. பையனைக் கூட்டிக்கொண்டு போனால் அம்மாவுக்கு ஒருநாள் கூலி போகும். அவ்வளவு தூரம் போகும் நிலைக்கு முன்னாலேயே பிடிப்பதற்குப் பெயர்தான் தடுப்பு. அதற்குத்தான் ஆளே இல்லை.

இன்னொரு பயமும் இருக்கிறது. பையன் கஞ்சா குடிக்கிறான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் போலீஸ் வந்துவிடும் என்று தாய்மார்கள் நினைக்கிறார்கள். என்டிபிஎஸ் என்ற போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ பிரிவு இருக்கிறது. சிறிய அளவு வைத்திருந்த வழக்கிலோ உபயோகித்த வழக்கிலோ சிக்கியவர் தானாக வந்து சிகிச்சையை முழுதாக எடுத்தால் அவரைத் தண்டிக்காமல் விட வழி வைத்திருக்கிறார்கள். இதை எந்த விழிப்புணர்வுக் கூட்டத்திலும் சொல்லி நான் கேட்டதில்லை. 14446 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமலே பேசலாம். அதையாவது வகுப்பறைச் சுவரில் எழுதுங்கள்.


சமூகப்பணி மாணவி, கோத்தகிரி

டீச்சரின் முதல் கேள்விக்கு வேறு இடங்களில் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் ஒன்றிய அரசின் மானியம் வாங்கும் ஒவ்வொரு மாநிலமும் இதற்கென்று ஒரே ஒரு முகமையைக் குறிப்பிட வேண்டும். அந்த மானியத்தில் குறைந்தது 20 விழுக்காடு தடுப்புக்கு மட்டுமே போக வேண்டும், சிகிச்சைக்குத் திருப்ப முடியாது. அதுபோக ஊர் அளவில் கூட்டணி அமைத்தால் தனி மானியம் உண்டு. பெற்றோர், இளைஞர், பள்ளி, போலீஸ், வியாபாரிகள், மதத்தலைவர்கள் என்று 12 தரப்பும் அதில் இருந்தாக வேண்டும். ஒரு நாளோ ஒரு வருடமோ அல்ல, ஐந்து வருடத்துக்கு வருடா வருடம் தருகிறார்கள்.

அதே நாட்டில் சறுக்கியதும் உண்டு. 1983இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய டேர் என்ற திட்டத்தில் போலீஸாரே வகுப்பெடுத்தார்கள். நாடு முழுக்கப் பரவியது. பிறகு ஆராய்ந்து பார்த்தால் அந்த வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைக்கும் உட்காராத பிள்ளைக்கும் நாளடைவில் வித்தியாசமே இல்லை. ஐநா போதைப்பொருள் அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் 2018இல் வெளியிட்ட தடுப்பு நெறிமுறைகளும் அதையே சொல்கின்றன. பயமுறுத்தும் பேச்சு, ஒருநாள் கூட்டம், மீண்டவரை மேடையேற்றிப் பேசவைப்பது, இவை பலன் தருவதாகத் தெரியவில்லை. பலன் தருவது வாழ்க்கைத்திறன் வகுப்பு, பெற்றோருக்கான பயிற்சி, பள்ளியில் பிள்ளைக்கு இருக்கும் ஒட்டுதல். எல்லாமே வாரக்கணக்கில், தொடர்ச்சியாக.

ஐஸ்லாந்தில் 1998இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 விழுக்காட்டினர் அதற்கு முந்தைய மாதத்தில் குடித்துப் போதையாகியிருந்தார்கள். 2016இல் அது 5. ஒவ்வொரு பள்ளியிலும் பெயர் கேட்காமல் கணக்கெடுத்து, முடிவை அந்தந்த ஊருக்கே சீக்கிரம் கொடுத்தார்கள். மாலையில் விளையாட்டு, இசை என்று பிள்ளைகளைச் சேர்க்க நகராட்சியே குடும்பங்களுக்குப் பணம் கொடுத்தது.


பாட்டவயல்

ஐஸ்லாந்து ஜனத்தொகை நம் கோயம்புத்தூரில் கால்வாசி கூட வராது. அதை இங்கே எப்படி?


சமூகப்பணி மாணவி, கோத்தகிரி

அதனால்தான் ஒரு மாவட்டத்தில் ஆரம்பிக்கலாம் என்கிறேன் அண்ணா. நீலகிரியின் ஜனத்தொகை ஏழரை லட்சத்துக்குள். டாஸ்மாக் காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தரும் திட்டத்தை 2022இல் உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் முதலில் இங்கேதான் கொண்டுவந்தார்கள். இங்கே ஓடியது, பிறகு மற்ற மாவட்டங்களுக்குப் போனது. பாட்டிலுக்கு முடிந்தது பிள்ளைகளுக்கு முடியாதா?


லயத்து மகன்

பாட்டில் பேச்சு வந்ததால் கேட்கிறேன். 2003இலிருந்து மதுச் சில்லறை விற்பனை முழுக்க அரசு கையில். 2023-24இல் மட்டும் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 45,000 கோடிக்கு மேல். அதில் பிள்ளைகளைக் காப்பாற்ற எவ்வளவு போகிறது? கடையை மூடுங்கள் என்று கேட்கலாம், கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். மூடும்வரை அதிலிருந்து ஒரு பங்கைத் தடுப்புக்கென்று எழுதிவைக்கக்கூடாதா?

ஐஸ்லாந்து கதை எனக்குப் புரிகிறது. எங்கள் எஸ்டேட்டில் பள்ளி நாலு மணிக்கு விடும். அப்போது அம்மாமார் எடைக்கொட்டகையில் வரிசையில் நிற்பார்கள். முதுகில் கொழுந்துச் சாக்கு, கையில் எடைப் புத்தகம். எடை போட்டு, மழையென்றால் தண்ணிக்கு எத்தனை கிலோ கழிப்பது என்று கணக்கப்பிள்ளையோடு வாதாடி, விறகு பொறுக்கிக்கொண்டு லயத்துக்கு வர ஆறரை ஆகும். அந்த இரண்டரை மணி நேரம் பையன்கள் எங்கே இருக்கிறார்கள்? பழைய ஃபேக்டரி ஷெட்டுக்குப் பின்னால். எங்களுக்கு ஒரு மைதானம் கூடச் சமதளமாக இல்லை. ஒரு வாலிபால் நெட், ஒரு லைட், கூட நிற்க ஒரு ஆள். இதைக் கொடுங்கள், அப்புறம் உறுதிமொழி வாசிக்கலாம்.


கருவூலம் ஓய்வு

தம்பி, உன் கேள்வி நியாயமானது. ஆயத்தீர்வையும் விற்பனை வரியும் மாநிலத்தின் தொகுப்பு நிதிக்குப் போய்விடும். அங்கே போனபின் எந்த ரூபாய் எங்கிருந்து வந்தது என்று அடையாளம் இருக்காது. அதனால் ‘டாஸ்மாக் பணத்தில் இத்தனை விழுக்காடு’ என்று கேட்டால் நிதித்துறை சுலபமாக மறுத்துவிடும். கேட்க வேண்டிய விதம் வேறு. பட்ஜெட்டில் ‘இளையோர் போதைத் தடுப்பு’ என்று தனிக் கணக்குத் தலைப்பு வேண்டும். தலைப்பு இருந்தால்தான் சட்டமன்றத்தில் ஒதுக்கீட்டைப் பார்க்கலாம், செலவைத் தணிக்கை பண்ணலாம், குறைத்தால் கேட்கலாம். இப்போது அந்தப் பணம் ஒவ்வொரு துறையிலும் ‘விளம்பரம், பிரசாரம்’ மாதிரி இனங்களுக்குள் கரைந்து கிடக்கிறது.

என்டிபிஎஸ் சட்டம் 7ஏ பிரிவில் போதைப்பொருள் கட்டுப்பாட்டுக்கான தேசிய நிதி ஒன்றும் இருக்கிறது. கடத்தல்காரர்களிடமிருந்து பறிமுதல் செய்த சொத்தை விற்றால் அந்தப் பணம் அங்கே சேரும். அதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.


தாளூர் எல்லை

எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2016இலிருந்து ‘விமுக்தி’ என்று ஒரு மாநில மிஷன் ஓடுகிறது. ஆயத்தீர்வைத் துறைதான் நடத்துகிறது. சாராயம் பிடிக்கும் அதே துறை 14 மாவட்டத்திலும் மீட்பு மையம் வைத்திருக்கிறது, வார்டு வரைக்கும் குழு வைத்திருக்கிறது. எங்கள் சொந்தக்காரர்கள் பத்தேரியில் இருக்கிறார்கள், அவர்களுக்கு யாரிடம் போகவேண்டும் என்று தெரிகிறது. அதனால் அங்கே பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை, தீரவும் இல்லை. ஆனால் ஒரு பெயர், ஒரு அலுவலகம், ஒரு கதவு இருக்கிறது.


கொடைக்கானல் மேல்மலை

பழனி மலையிலிருந்து நானும் சேர்கிறேன். இங்கே கதை கொஞ்சம் வேறு. மன்னவனூர், பூண்டி, பூம்பாறை பக்கம் போதைக்காளான் தேடி வெளியூர்ப் பையன்கள் வருகிறார்கள். அதிலுள்ள சைலோசைபின் என்டிபிஎஸ் பட்டியலில் இருக்கும் பொருள். வாங்கினாலும் விற்றாலும் வழக்குதான். ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிக்குவது போதையில் மட்டுமில்லை, அது கிடைக்கும் இடத்தை வெளியூர்க்காரருக்குக் காட்டுவதிலும்தான். சீசனில் ஒரு பையன் ரூமுக்கு ஆள் பிடிப்பான், வழி காட்டுவான், ‘அது கிடைக்குமா தம்பி’ என்ற கேள்விக்கு ஒரு நாள் ஆமாம் என்று சொல்வான். அப்பா ஒரு வாரம் கேரட் பிடுங்கிச் சம்பாதிப்பதை ஒரே சாயங்காலத்தில் கையில் வாங்குவான். பிறகு அவனை உட்காரவைத்து வாழ்க்கைத்திறன் வகுப்பெடுத்தால் எப்படிக் காதில் ஏறும்? சிறுவனை விற்கவோ சுமக்கவோ பயன்படுத்துகிறவனுக்கு சிறார் நீதிச் சட்டம் 78ஆம் பிரிவில் அதே ஏழு வருடம் வரை தண்டனை இருக்கிறது. பிடிக்கும்போது பையனைக் குற்றவாளியாகப் பார்க்காமல் அவனை ஏவியவனைத் தேட வேண்டும்.

எங்கள் மாதிரி ஊருக்குத் தடுப்புப் பணத்தில் பாதி சீசன் மாதங்களில் செலவாக வேண்டும். ஏப்ரல், மே விடுமுறையில்தான் எல்லாம் தொடங்குகிறது. பள்ளி வழியாக மட்டும் போகும் திட்டம் அந்த இரண்டு மாதமும் தூங்கும்.


முள்ளுக்குரும்பர் சிற்றூர்ப் பணியாளர்

பள்ளி வழியாக மட்டும் என்று சொன்னதால் எழுதுகிறேன். எங்கள் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் ஆதிவாசிப் பிள்ளைகள் எட்டாவதோடு நின்றுவிடுகிறார்கள். நின்ற பிள்ளை எந்தப் பேரணியிலும் இல்லை, எந்த மன்றத்திலும் இல்லை. அவன்தான் முதலில் குடிக்கிறான். நோட்டீஸ் பாடப்புத்தகத் தமிழில் இருக்கிறது, வீட்டில் பேசுவது பணிய மொழி. கூடலூரில் அக்கார்டு, அஸ்வினி என்ற தொண்டு அமைப்புகள் 1980களின் கடைசியிலிருந்து ஊருக்கு ஒரு ஆதிவாசிப் பெண்ணை நலப்பணியாளராகப் பயிற்றுவித்து வேலை செய்கிறார்கள். கர்ப்பிணியையும் குழந்தைகளையும் பற்றி அவர்கள் சொன்னால் ஊர் கேட்கிறது. வேனில் வந்து மைக் பிடிப்பவர் சொன்னால் கேட்காது. மாநிலத் திட்டம் எதுவானாலும் மாதச் சம்பளத்துக்கு அந்த ஊர்க்காரர் ஒருவரை வைக்கட்டும். மதிப்பூதியம் என்று சொல்லி ஆறு மாதம் பாக்கி வைக்கக்கூடாது.


குந்தா டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. பெயர் கேட்காத கணக்கெடுப்பு பற்றி ஒரு சந்தேகம். நாங்கள் எடுத்து, எங்கள் பள்ளியில் இத்தனை பேர் என்று வந்தால் மறுநாள் பத்திரிகையில் பள்ளிப் பெயர் வரும், தலைமையாசிரியருக்கு மெமோ வரும். அதனால்தான் எல்லாத் தலைமையாசிரியரும் ‘எங்கள் பள்ளியில் அப்படி ஒன்றும் இல்லை’ என்று எழுதி அனுப்புகிறார்கள். உண்மை சொல்லும் பள்ளிக்குத் தண்டனையும் மறைக்கும் பள்ளிக்கு நல்ல பெயரும் கிடைக்கும்வரை மாநிலத்தில் யாருக்கும் நிஜக் கணக்கு போய்ச் சேராது.


கூடலூர் சிஸ்டர்

டீச்சர், அதற்கு வழி உண்டு. கணக்கெடுப்பை பள்ளிக்கல்வித் துறை நடத்தக்கூடாது, மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவோ சமூக மருத்துவப் பிரிவோ நடத்தட்டும். முடிவு தாலுகா அளவில் மட்டும் வெளிவரட்டும். பள்ளியின் எண் அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு மட்டும். அந்தக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர்தானே, மறைத்து யாருக்கு லாபம்? போலீஸுக்கு அந்தத் தாள் போகாது என்பது ஆட்சியரின் எழுத்துமூல உத்தரவாக இருக்க வேண்டும்.

பள்ளி நலத் திட்டத்தில் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நலத் தூதுவர்களாகப் பயிற்றுவிக்க 2020இலேயே ஏற்பாடு வந்தது. அதிலுள்ள 11 தலைப்புகளில் போதைத் தடுப்பும் ஒன்று. புதிதாகப் பாடம் எழுதவே தேவையில்லை. வாரம் ஒரு பீரியடை மட்டும் யாரும் கணக்குப் பாடத்துக்குப் பிடுங்கிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.


பாட்டவயல்

சரி, ஒத்துக்கொள்கிறேன், இரண்டும் வேண்டும். ஆனால் கடைக்காரனை விடாதீர்கள். புகார் சொல்ல 10581 இருக்கிறது, எங்கள் சங்கத்தில் எல்லா ஆட்டோவிலும் ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். கூடவே சிஸ்டர் சொன்ன 14446ஐயும் போடுகிறோம்.


கருவூலம் ஓய்வு

அப்படியென்றால் மனுவை இப்படி எழுதலாம். முதல் கோரிக்கை ஆள்: மாவட்டத்துக்கு ஒரு முழுநேரத் தடுப்பு அலுவலர், கூடுதல் பொறுப்பாக யாருக்கும் தரக்கூடாது, ஆட்சியருக்கு நேரே பதில் சொல்ல வேண்டும். சென்னையில் தலைமைச் செயலாளருக்குக் கீழே இதே பொறுப்பில் ஒருவர். எல்லாத் துறையின் விழிப்புணர்வு நாட்காட்டியும் அவர் கையெழுத்தில்லாமல் நகரக்கூடாது. இரண்டாவது, தனிக் கணக்குத் தலைப்பு, மூன்று வருட ஒதுக்கீடு, முதல் தவணை ஜூனில். மூன்றாவது, அதில் ஒரு பங்கு பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளுக்கும் சீசன் மாதங்களுக்கும் என்று ஆணையிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் அது நடக்காது. லயத்துத் தம்பி கேட்ட நெட்டும் லைட்டும் மாலைநேரப் பயிற்சியாளரும் ‘தடுப்புச் செலவு’ என்று அனுமதிக்கப்பட வேண்டும். இப்போது அதைக் கேட்டால் விளையாட்டுத் துறையிடம் போகச் சொல்வார்கள்.

நீலகிரியில் 35 ஊராட்சிதான். ஜனங்களில் பெரும்பகுதி நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் இருக்கிறார்கள், அங்கே கிராம சபை கிடையாது. அதனால் ஊராட்சிக்காரர்கள் அக்டோபர் 2 கிராம சபையிலும் நகரத்தில் இருப்பவர்கள் வார்டின் பகுதி சபையிலும் ஒரே தீர்மானத்தை வையுங்கள். தேதி முக்கியம். துறைகள் அடுத்த வருட மதிப்பீட்டைத் தயாரிப்பது அந்த மாதங்களில்தான். டிசம்பரில் கொடுத்தால் பரிசீலிக்கிறோம் என்று பதில் வரும், அவ்வளவுதான்.


லயத்து மகன்

எங்கள் ஏரியா பேரூராட்சி. பகுதி சபைக்கு நான் எழுதித் தருகிறேன். எஸ்டேட் யூனியன் மூன்றையும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வைக்கப் பார்க்கிறேன், இந்த விஷயத்தில் சண்டை வராது.


கொடைக்கானல் மேல்மலை

தீர்மான வாசகத்தை இங்கேயே போடுங்கள் ஐயா. நீலகிரி என்று இருக்கும் இடத்தில் கொடைக்கானல் என்று மாற்றி மேல்மலை ஊராட்சிகளில் வைக்கிறோம். சீசன் மாதம் பற்றிய வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.


குந்தா டீச்சர்

வாசகத்தை இன்று இரவு தட்டச்சு செய்து போடுகிறேன். 64ஏ பற்றி இரண்டு வரி சிஸ்டர் எழுதித் தந்தால் மனுவோடு பெற்றோருக்கான துண்டறிக்கையாகவும் அடிக்கலாம். பணிய மொழியில் சொல்லித் தர ஒருவர் கிடைத்தால் ஒலிப்பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். அச்சுக்கு நான் ஏற்பாடு பண்ணுகிறேன், படி எத்தனை வேண்டும் என்று ஊர்வாரியாகக் கீழே எழுதுங்கள்.